தேதி மாற்றிய டிக்கெட்

கால் அளவு மூன்று பேருக்கு வந்திருந்தது.

அந்தத் தீவு விடுதிக்காரர்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்கிற ரகம். தலையணை மெத்தென்று வேண்டுமா, கட்டியாக வேண்டுமா. காலையில் காப்பியா, தேநீரா. கடலுக்குள் தலையை விட்டு மீன் பார்க்கிறவர்கள் காலில் மாட்டிக்கொள்ள ரப்பர் துடுப்பு கொடுப்பார்களே, அதற்கு அளவு என்ன என்றெல்லாம் ஒரு படிவம் அனுப்புவார்கள். தீவக்கா இரண்டு பேருக்குத்தான் நிரப்பி அனுப்பினாள். மாப்பிள்ளைக்கு ஒன்பது, தங்கைக்கு ஆறு. உறுதிசெய்து திரும்பி வந்த கடிதத்தில் ஒன்பது, ஆறு, ஐந்து என்று இருந்தது.

அந்த ஐந்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும், எவனோ தூக்கக் கலக்கத்தில் தட்டிவிட்டான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, 'இரண்டு பேர் மட்டுமே, திருத்தவும்' என்று பதில் எழுதிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தீவக்கா என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். பதினாலு வருஷமாக அந்தப் பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் புதுமணத் தம்பதிகளைத் தேனிலவுக்கு அனுப்புவதுதான் அவள் வேலை. எந்தத் தீவில் எந்த மாதம் மழை, எந்த விடுதியில் கொசு, எந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாமல் சமையலறைப் புகைபோக்கி தெரியும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தது. முந்நூறு ஜோடிகளுக்கு மேல் அனுப்பியவள், தான் மட்டும் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. நாற்பத்தொரு வயதாகிறது, கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி உறவுக்காரர்கள் கேட்பதை நிறுத்தியே ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டது. அவளைவிடப் பன்னிரண்டு வயது இளைய தங்கைக்கு, வீட்டில் எல்லோருக்கும் சின்னு, மூன்று வாரத்துக்கு முன்னால் கல்யாணம் முடிந்தது. தேனிலவு அக்காவின் பரிசு. அக்கா வாய்விட்டு அப்படிச் சொன்னதுதான் தாமதம், சின்னு எங்கோ ஒரு படத்தில் பார்த்த அந்தத் தீவைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற தீவு காட்டறேன்டி. இதைவிட நல்லாயிருக்கும், தூரமும் கம்மி."

"தூரமா இருக்கறதுதான்க்கா வேணும். மாமியார் கூப்பிட்டா 'சிக்னல் இல்லை'ன்னு சொன்னா நம்பற தூரம்."

"முப்பத்தொரு மணி நேரம் ஆகும். மூணு விமானம் மாறணும். கடைசியில தண்ணியில இறங்கற குட்டி விமானம் வேற. உனக்கு பஸ்ல போனாலே குமட்டும்."

"எலுமிச்சம்பழம் எடுத்துக்கறேன். ஏன்க்கா, அந்த இடத்துல ஏதாவது பிரச்சினையா?"

பிரச்சினை தொண்டை வரைக்கும் வந்தது. "ஒண்ணுமில்லை" என்றாள் தீவக்கா.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாகக் கோப்பு திறக்கவே மாட்டாள். அதே ஊருக்குப் போன பழைய ஜோடியின் கோப்பைப் பிரதி எடுத்து, பெயர், தேதி, கடவுச்சீட்டு எண் எல்லாவற்றையும் மேலே மாற்றி எழுதிவிடுவாள். எல்லா அலுவலகத்திலும் நடக்கிற சோம்பேறித்தனம்தான்; மூன்று விமானமும் ஒரு குட்டி விமானமும் ஏற்கெனவே கோத்து வைத்திருக்கும்போது மறுபடி கோக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது. ஆனால் அந்தத் தீவுக்கு அவளிடம் ஒரே ஒரு பழைய கோப்புதான் இருந்தது. நாலு வருஷமாகத் திறக்காத கோப்பு. அதைத்தான் கண்ணை மூடிக்கொண்டு பிரதி எடுத்தாள்.

மறுநாள் மாலை ஆறரைக்கு மற்றவர்கள் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். அவள் மட்டும் இருந்தாள். இங்கே விளக்குப் போடுகிற நேரம்தான் அங்கே விடுதி அலுவலகம் திறக்கிற நேரம் என்பதால், தீவுக் கடிதங்கள் வருவதே ஏழு மணி வாக்கில்தான். குளிர்சாதனத்தை நிறுத்தியிருந்தார்கள். அது நின்றதும் பகல் முழுக்கக் காதில் விழாத சின்னச் சின்ன ஓசைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன: சுவர்க் கடிகாரம், வராந்தாவில் ஆளில்லாமல் மேலும் கீழும் போய்வரும் மின்தூக்கி, விளம்பரத் தாள்களின் மூலைகள் மின்விசிறிக் காற்றில் சுவரைத் தட்டுவது. அதற்கு நடுவில் ஒரு வாசனை. வெயில் படாமலிருக்கக் கடற்கரைக்குப் போகிறவர்கள் உடம்பில் பூசிக்கொள்வார்களே, அந்தக் களிம்பின் இனிப்பான, எண்ணெய்ப் பிசுக்கான வாசனை. மேசைக்கு எதிரே வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலிப் பக்கமிருந்து வந்தது. பகலில் யாராவது உட்கார்ந்து போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

கடிதம் வந்தது. 'திருத்தத்துக்கு நன்றி. ஆனால் அம்மையார் தொலைபேசியில் கேட்டுக்கொண்டபடி மூன்று பேருக்கே வைத்திருக்கிறோம். அவர் சொன்னபடி காலை உணவுக்கு மூன்று தட்டு. கடல் பக்கத்துக் கதவைத் தாழிட வேண்டாம் என்றதையும் குறித்துக்கொண்டோம். பதினேழாம் வீடு தயாராகிறது.'

அவள் அங்கிருந்தே தங்கையை அழைத்தாள். "நீ விடுதிக்கு ஃபோன் பண்ணினியா?"

"எனக்கு அவங்க நம்பரே தெரியாதேக்கா. இங்கிலீஷ்ல பேசணும்னா நான் எதுக்கு உன்னை வெச்சிருக்கேன்?"

சின்னு சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். தீவக்காவின் விரல்கள் தானாகவே பழைய கோப்பைத் திறந்தன. நாலு வருஷத்துக்கு முந்தைய அதே படிவம். கணவன், எட்டு. மனைவி, ஐந்து. பக்கத்தில் கடவுச்சீட்டின் நகல். அகல நெற்றி, ஒட்டிய கன்னம், கேமராவைப் பார்த்து மிரண்டு நிற்கிற கண்கள்.

அந்தத் தீவுக்கு அவள் அனுப்பிய ஒரே ஜோடி. கடலுக்குள் கால் நட்டு நிற்கிற மரவீடுகளில் பதினேழாவது வீடு. போய் நாலாம் நாள், இதே மாதிரி ஒரு மாலையில், விளக்கை அணைக்கக் கையை நீட்டும்போது தொலைபேசி அடித்தது. அந்தப் பெண்தான்.

"அக்கா, என் டிக்கெட்டை மட்டும் முன்னாடி தேதிக்கு மாத்திக் குடுங்கக்கா. நான் மட்டும் வந்துடறேன்."

"ஏம்மா, சண்டையா?"

"சண்டை இல்லைக்கா. எனக்கு இங்க இருக்க முடியலை. பயமா இருக்கு."

கல்யாணமான புதிதில் அழுகிற பெண்களைத் தீவக்கா நிறையப் பார்த்திருக்கிறாள். டிக்கெட்டை மாற்ற முடியும். இரண்டு விமான நிறுவனங்களோடு மல்லுக்கட்ட வேண்டும், ஒரு மணி நேர வேலை. ஆனால் ஏழு இருபது பேருந்தை விட்டால் அடுத்தது எட்டரைக்கு. அன்றைக்குத் தலைவலி வேறு. "இந்த டிக்கெட்டை மாத்தவே முடியாதும்மா" என்றாள். "இன்னும் மூணே நாள். பல்லைக் கடிச்சிட்டு இரு, எல்லாம் சரியாயிடும்." அந்தப் பக்கம் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண் "சரிக்கா" என்றாள்.

மறுநாள் விடியற்காலையில் கடலில் இறங்கியவள் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கணவன் தனியாகத் திரும்பி வந்தான். அவளுடைய திரும்பும் டிக்கெட் பயன்படுத்தப்படாமல் அந்தக் கோப்பிலேயே நின்றுபோனது. "பாவம், தலையெழுத்து" என்றார் முதலாளி. அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றித் தீவக்கா இன்றுவரை ஒரு ஈ காக்கையிடம்கூடச் சொன்னதில்லை. பொய் சொன்னதற்காக அவள் அழுதாள், பல நாள் அழுதாள், ஆனால் சொல்லவில்லை.

இப்போது அதே கோப்பின் மேல் தங்கையின் பெயரை எழுதி வைத்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் மாலை விடுதிக்கே தொலைபேசியில் பேசினாள். அங்கே முன்பதிவு பார்க்கிறவன் வாயெல்லாம் சிரிப்பாகப் பேசுகிற ஆள். மூன்றாவது விருந்தாளி யாரும் இல்லை என்று அவள் ஆங்கிலத்தில் அழுத்திச் சொன்னாள். அவன் குழம்பிப்போனான். அம்மையார் தினமும் இந்த நேரத்துக்குத்தானே அழைக்கிறார் என்றான். ஆங்கிலம் அவ்வளவாக வராது, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிப் பேசுவார், ரொம்ப மரியாதையான பெண் என்றான்.

எந்த எண்ணிலிருந்து என்று கேட்டாள்.

காகிதங்களைப் புரட்டும் ஓசை கேட்டது. வெளி அழைப்பு இல்லை என்றான். உள்ளிருந்தே வருகிற அழைப்பு. பதினேழாம் வீட்டிலிருந்து. சொல்லிவிட்டு அவனே நிறுத்தினான். பதினேழாம் வீடு இந்த மாதம் முழுக்கக் காலியாகத்தான் இருக்கிறது, வர்ணம் பூசப் பூட்டி வைத்திருக்கிறோம் என்றான். கம்பியில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, இருங்கள், அந்த வீட்டு இணைப்பையே போட்டுப் பார்க்கிறேன் என்று, அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள், இணைப்பை மாற்றிவிட்டான்.

மணி அடித்தது. எங்கோ பூமியின் மறுபக்கத்தில், ஒரு மரவீட்டில், பூட்டிய கதவுக்குப் பின்னால். இரண்டு. மூன்று. வைத்துவிடலாம் என்று நினைத்தாள். கை அசையவில்லை. களிம்பு வாசனை. எதிர் நாற்காலியைப் பார்க்கக் கூடாது என்று மேசையையே பார்த்தாள். நாலு.

எடுத்தார்கள்.

அலைச் சத்தம். பலகைகளுக்கு அடியில் தண்ணீர் போய்வரும் சத்தம். மிக அருகில், மூச்சு.

"அக்கா" என்றது குரல். கோபமே இல்லை. "டிக்கெட்டை மாத்தியாச்சாக்கா?"

அவள் கைப்பையை எடுக்கவில்லை. விளக்கை அணைக்கவில்லை. மின்தூக்கிக்கு நிற்கவில்லை. மூன்று மாடி. படிகள். தெரு. தெருவில் ஆட்கள் இருந்தார்கள், அது போதும்.

அடுத்த நாள் காலை முதல் வேலையாகப் பயணத்தையே ரத்து செய்தாள். விடுதி, விமானம் எல்லாவற்றையும். வீட்டுக்குப் போய் என்ன கதை கட்டுவது என்று யோசித்துக்கொண்டே போனால், வாசலிலேயே மாப்பிள்ளை முகமெல்லாம் பல்லாக நின்றார். "அக்கா, விடுதியிலேர்ந்து எனக்கே செய்தி வந்திருக்கு. எல்லாம் உறுதியாயிடுச்சாம். இன்னும் ரெண்டு நாள் சேர்த்துக் குடுத்திருக்காங்க. எப்படிக்கா இதெல்லாம் முடியுது உங்களால?"

சின்னு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய தலைமுடியில் வீட்டுச் சீயக்காய் வாசனை அடித்தது. அந்த வாசனையில் தீவக்காவுக்கு எல்லாமே உடைந்தது.

"போகாதடி" என்றாள்.

"என்னது?"

"அந்த இடம் வேணாம். நான் சொல்றேன், வேணாம். அங்க ஒரு பொண்ணு கடல்ல போயிட்டா. நான் அனுப்பின பொண்ணு."

"கடல்னா யாராவது முழுகத்தான் செய்வாங்கக்கா. நான் முழங்கால் தண்ணிக்கு மேல இறங்க மாட்டேன், சத்தியமா."

"அது இல்லடி..."

அது என்ன என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் என்னைக் கூப்பிட்டாள், நான் பொய் சொன்னேன், என் பேருந்துக்காக அவளை அங்கேயே விட்டேன் என்று. வாக்கியம் தயாராக இருந்தது. அப்போது சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா, கையைத் துடைத்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னாள்: "பெரியவளே, அவளாவது சந்தோஷமாப் போய்ட்டு வரட்டுமே. உன் வயித்தெரிச்சலை இதுல காட்டாத."

மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சின்னு, "அம்மா!" என்று அதட்டினாள்; ஆனாலும் அக்காவை ஒரு தினுசாகப் பார்த்தாள், இத்தனை நாள் தோன்றாதது இப்போது தோன்றிவிட்டதைப் போல. நாற்பத்தொரு வயதுக்கு அந்த ஒரு வார்த்தையை விடப் பெரிய அடி கிடையாது. தீவக்காவின் வாய் அதோடு மூடிக்கொண்டது.

கிளம்ப ஐந்து நாள் இருந்தது. அவள் இரவெல்லாம் விழித்துக் கிடந்து ஒரு முடிவுக்கு வந்தாள். அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று. அதைச் செய்து கொடுத்துவிட்டால்?

மறுநாள் மாலை எல்லோரும் போகிறவரை காத்திருந்து பழைய கோப்பைத் திறந்தாள். ஒரு வருஷத்தில் செத்துப்போகிற டிக்கெட் அது. நாலு வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தது. 'பயணத் தேதி மாற்றம்' என்பதை அழுத்தினாள். நாட்காட்டி விரிந்தது. எல்லாத் தேதிகளும் மங்கிக் கிடந்தன, ஒன்றைத் தவிர. சின்னுவும் மாப்பிள்ளையும் திரும்புகிற தேதி.

தயங்கினாள். பெரிய விமானம், முந்நூறு இருக்கை, அதில் ஒரு இருக்கை காலியாக வந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று வாதாடினாள். உண்மையில் அவளுக்கு வாதமே தேவைப்படவில்லை. அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் இந்த நாற்காலிக்கு மறுபடி வந்தே இருக்க மாட்டாள். அது நாலு வருஷமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த குரல். "மாத்திட்டேன்மா" என்று காலி அறையில் சத்தமாகச் சொல்லிவிட்டு அழுத்தினாள். மணியைப் பார்த்தாள். ஒரு மணி நேரம் என்று நினைத்த வேலைக்கு நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது.

எதிர் நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது, யாரோ எழுந்திருக்கும்போது கேட்கிற மாதிரி.

அதோடு எல்லாம் நின்றது. வாசனை போயிற்று. விடுதியிலிருந்து வந்த கடைசிக் கடிதத்தில் கால் அளவு இரண்டுதான், தட்டும் இரண்டுதான். குழப்பத்துக்கு மன்னிப்பு வேறு கேட்டிருந்தார்கள். பழைய கோப்பின் சாயலே இருக்கக் கூடாது என்று தங்கையின் பயணத்தைப் புதிதாக, பதினாலு வருஷத்தில் முதல் முறையாக ஒவ்வொரு வரியாக, தானே எழுதிக் கோத்தாள். விமான நிலையத்தில் சின்னு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் காட்டிக் கையசைத்தபோது, தீவக்காவும் சிரித்துக் கையசைத்தாள். அன்றிரவு நாலு வருஷத்தில் தூங்காத தூக்கம் தூங்கினாள்.

படங்கள் வந்தன. மணல், மரப்பாலம், கண்ணாடித் தண்ணீர். முழங்கால் அளவு தண்ணீரில் சின்னு, பக்கத்தில் தொப்பி போட்ட மாப்பிள்ளை, இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு. ஊஞ்சலில் இருவரும். சாப்பாட்டு மேசையில் இருவரும். அம்மா ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்து, மகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று ஆராய்ந்தாள். தீவக்காவும் பார்த்தாள். எட்டாம் நாள்தான் அவளுக்கு உறைத்தது. எல்லாப் படத்திலும் இருவருமே இருக்கிறார்கள்.

'படமெல்லாம் யாருடி எடுக்கறா?' என்று எழுதினாள்.

பதில் உடனே வந்தது. 'பக்கத்துல ஒரு அக்கா இருக்காங்க. நம்ம பாஷைதான்! இவ்வளவு தூரத்துல நம்ம ஆளு கிடைச்சதே அதிசயம். பாவம், தனியா இருக்காங்க. எப்பவும் எங்க கூடத்தான். அவங்களும் நாங்க கிளம்பற அன்னிக்கே ஊருக்கு வர்றாங்களாம். டிக்கெட் கிடைச்சிடுச்சுன்னு ரொம்ப சந்தோஷம் அவங்களுக்கு.'

அழைத்தாள். மணி போகவில்லை. மறுபடி அழைத்தாள். மாப்பிள்ளையை அழைத்தாள். விடுதியை அழைத்தாள், யாரும் எடுக்கவில்லை. அப்புறம் உட்கார்ந்து எழுதினாள். நாலு வருஷம் சொல்லாததையெல்லாம், பேருந்து, தலைவலி, பொய், ஒன்றுவிடாமல். அவகிட்டப் பேசாதடி, அவ கூட நிக்காதடி, இப்பவே அந்த வீட்டை விட்டு வெளிய வா. எழுதி அனுப்பினாள். செய்திக்குப் பக்கத்தில் ஒற்றை டிக் விழுந்தது. மறுநாளும் ஒற்றை டிக். அதற்கு மறுநாளும்.

மூன்றாம் நாள், அவர்கள் கிளம்புகிற நாள், விடிவதற்கு முன்பே அலுவலகத்துக்கு ஓடினாள். கணினியைத் திறந்தாள். தானே வரிவரியாகக் கோத்த புதிய கோப்பு. போகும் பயணம்: இரண்டு பெயர். சரி. திரும்பும் பயணம், தீவிலிருந்து குட்டி விமானம். பெரிய விமானத்தைப் பற்றித்தான் அவள் அன்றைக்கு வாதாடினாள்; இதைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஒரு வீட்டுக்கு இரண்டே இருக்கை.

பதினேழாம் வீடு. அவள் எழுதிய எண் அதுவல்ல.

முதல் இருக்கை, மாப்பிள்ளை.

இரண்டாம் இருக்கை. நாலு வருஷத்துக்கு முந்தைய பெயர். உறுதி.

கீழே, சின்ன எழுத்தில், தங்கையின் பெயர். காத்திருப்பு.

அவள் அழித்தாள். திரும்ப வந்தது. மாற்றினாள். திரும்ப வந்தது. ரத்து. ரத்து. ரத்து. அப்போது கைப்பேசி சிணுங்கியது. மாப்பிள்ளை. 'ஏறிட்டோம் அக்கா. நாளை மறுநாள் பார்க்கலாம்.'

ஏறிட்டோம் என்கிறாரே, யாரெல்லாம் என்று கேட்டு அனுப்பினாள். சிரிக்கிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

நல்ல வெயில் நேரத்தில் விமானம் இறங்கியது. வருகைக் கூடத்தின் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு தீவக்கா நின்றாள். பக்கத்தில் அம்மா கால் விரல்களில் எம்பி எம்பிப் பார்த்தாள். கதவு திறந்து திறந்து மூடியது. யார் யாரோ வந்தார்கள். பிறகு மாப்பிள்ளை வந்தார், கறுத்துப்போய், தள்ளுவண்டியில் பெட்டிகளோடு. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, சின்னுவின் மஞ்சள் உடுப்பில், அவள் வந்தாள்.

அகல நெற்றி. ஒட்டிய கன்னம்.

"என் கண்ணே!" என்று அம்மா தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். அந்த முகத்தைக் கன்னத்தோடு பிடித்துப் பார்த்தாள், முத்தம் கொடுத்தாள், "எப்படி இளைச்சுட்ட பாரு, அங்க ஒண்ணும் சாப்பிடலியாடி?" என்று அழுதாள். மாப்பிள்ளை சிரித்தார். தீவக்கா கம்பித் தடுப்பை விடவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலே அந்தக் கண்கள் அவளைத் தேடிக் கண்டுபிடித்தன. அவற்றில் வன்மம் எதுவும் இல்லை, நன்றிதான் இருந்தது.

வாடகைக் காரில் மாப்பிள்ளை முன்னால் ஏறி உட்கார்ந்த உடனேயே தூங்கிவிட்டார். பின் இருக்கையில் ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் தீவக்கா, நடுவில் அவள். சாலையில் பகல் நேரப் போக்குவரத்து, ஒலிப்பான்கள், சிவப்பு விளக்கில் பூ மாதிரி விரியும் குடைகள். அம்மா அந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டே, இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று பேசிக்கொண்டு வந்தாள். அவள் தலையை மெல்லச் சாய்த்துத் தீவக்காவின் தோளில் வைத்துக்கொண்டாள். கனமான தலை. குளிர்ந்த தலை.

தீவக்காவின் மடியில் கைப்பேசி அதிர்ந்தது.

நீண்ட எண். வெளிநாட்டு எண். அவளுக்கு மனப்பாடமான விடுதி எண்.

எடுக்க விரல் நீண்டது. அதற்குள் தோளில் சாய்ந்திருந்தவள், கண்ணைத் திறக்காமலே, தன் கையை நகர்த்தி தீவக்காவின் கைமேல் வைத்தாள். அழுத்தவில்லை. பிடிக்கவும் இல்லை. தூங்குகிற குழந்தையின் மேல் வைப்பது மாதிரி வைத்தாள், அவ்வளவுதான். அதற்குக் கீழே தீவக்காவின் கை அசைய மறுத்தது.

"யாருடி ஃபோன்ல?" என்றாள் அம்மா.

இரண்டு உள்ளங்கைகளுக்கும் அடியில் கைப்பேசி துடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி துடிக்கத் தொடங்கியது.